டச்பேட் அமுங்காத லேப்டாப்

கேள்வி: பாலக்கோடு பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். ஓசூரில் உள்ள ஒரு நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே கணக்கு வேலை பார்க்கிறேன். லேப்டாப் வாங்கி நாலரை வருடம் ஆகிறது. இரண்டு மாதமாகச் சார்ஜ் போட்டால் கை வைக்கும் இடம் தோசைக்கல் மாதிரி சுடுகிறது. சார்ஜரை எடுத்தால் முக்கால் மணி நேரம்கூட நிற்பதில்லை. பத்து நாளாக டச்பேடும் அமுங்கவில்லை. மவுஸ் வைத்துச் சமாளிக்கிறேன். ஊரில் வோல்டேஜ் குறைவு, அதனால்தான் சூடு என்கிறார் கணவர். கடையில் 1,200 ரூபாய்க்கு ஒரு பேட்டரி, 3,900 ரூபாய்க்கு ஒரு பேட்டரி சொல்கிறார்கள். டிப்ளமோ படிக்கும் தம்பி, வீடியோ பார்த்துத் தானே மாற்றித் தருவதாகச் சொல்கிறான். மாதக் கடைசி வேலை முடியும் வரை இப்படியே ஓட்டலாமா? பழைய பேட்டரியை என்ன செய்வது? கல்லூரியில் படிக்கும்போது எனக்குக் கொடுத்த அரசு லேப்டாப் பரணில் கிடக்கிறது. அதன் பேட்டரி இதற்குச் சேருமா?

பதில்: அன்புள்ள சகோதரி,

மற்றதெல்லாம் அப்புறம். இதைப் படிக்கும் நேரத்தில் லேப்டாப் சார்ஜில் இருந்தால், முதலில் சுவரில் இருக்கும் ஸ்விட்சை அணைத்துவிட்டுச் சார்ஜரைப் பிடுங்குங்கள். லேப்டாப்பை ஷட் டவுன் செய்யுங்கள். மூடி வைத்தால் போதும் என்று இருந்துவிடாதீர்கள், மூடினால் அது தூங்கத்தான் செய்யும். மாதக் கடைசி வரை ஓட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு நாள்கூட வேண்டாம். வேலை நிற்காமல் இருக்க வழி இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

சூட்டைப் பற்றித்தான் நீங்கள் நிறைய எழுதியிருக்கிறீர்கள். எனக்குப் பயம் தந்தது நடுவில் போகிற போக்கில் சொன்ன அந்த டச்பேட். தர்மபுரியில் 19 வருடமாக லேப்டாப் சர்வீஸ் பார்க்கிறேன். "டச்பேட் போயிடுச்சுங்க, புதுசு மாத்திக் கொடுங்க" என்று வருகிறவர்கள் மாதம் இரண்டு மூன்று பேராவது உண்டு. அடிமூடியைக் கழற்றினால் டச்பேட் நன்றாகவே இருக்கும். அதன் அடியில் இருக்கும் பேட்டரி எண்ணெயில் போட்ட பூரி மாதிரி உப்பி, டச்பேடைக் கீழிருந்து முட்டிக்கொண்டிருக்கும். மேலே அமுக்க இடமே இல்லாதபோது அது எப்படி அமுங்கும்? உங்கள் லேப்டாப்பிலும் அநேகமாக இதுதான் நடந்திருக்கிறது.

சந்தேகம் தீர, ஆறிய பிறகு அதைச் சமமான மேஜையில் வைத்துப் பாருங்கள். நாலு காலும் படியாமல் லேசாக ஆடுகிறதா? பக்கவாட்டில் கண்ணை வைத்துப் பார்த்தால் மேல்மூடிக்கும் அடிமூடிக்கும் நடுவே ஓர் இடத்தில் மட்டும் கோடு விரிந்து தெரிகிறதா? திரையை மூடினால் முன்பு போல் ஒட்டி உட்காராமல் நடுவில் தூக்கிக்கொண்டு நிற்கிறதா? இதில் ஒன்று இருந்தாலும் முடிவு செய்துவிடலாம். உப்பிய இடத்தை அமுக்கிப் பார்க்க மட்டும் வேண்டாம்.

ஏன் உப்புகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், தெரிந்தால்தான் தம்பி கேட்பான். லித்தியம் அயான் பேட்டரி 1991-இல் சோனி நிறுவனம் முதன்முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்த சரக்கு. பழைய லேப்டாப்புகளில் இரும்பு உருளைகளாக இருந்தது. 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம், அதனால் 18650 என்று பெயர். லேப்டாப் மெலிய மெலிய, உருளை போய், அலுமினியத் தாள் பையில் அடைத்த தட்டை செல்கள் வந்தன. ஷாம்பு பாக்கெட் மாதிரிதான், கொஞ்சம் தடிமன். உள்ளே இரண்டு உலோகத் தாள்கள். ஒன்றை ஒன்று தொட்டுவிடாமல் நடுவில் தலைமுடியை விட மெல்லிய ஒரு பிளாஸ்டிக் ஏடு. எல்லாவற்றையும் நனைத்துக்கொண்டு எளிதில் தீப்பற்றும் ஒரு திரவம். அந்தத் திரவம் சூட்டிலும், எப்போதும் நூறு சதவீதம் ஏற்றியே வைத்திருப்பதாலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைந்து வாயுவாக மாறும். இரும்பு உருளை அந்த வாயுவைத் தாங்கிக்கொள்ளும். தாள் பை தாங்காது, உப்பும்.

அந்த நடு ஏடு சுமார் 130 டிகிரியில் உருக ஆரம்பிக்கும். உருகியோ கிழிந்தோ இரண்டு தாளும் தொட்டுவிட்டால் உள்ளேயே ஷார்ட் ஆகும், சூடு இன்னும் ஏறும், பக்கத்துச் செல்லுக்கும் தாவும். ஒருமுறை அது ஆரம்பித்துவிட்டால் ஸ்விட்சை அணைத்தெல்லாம் நிறுத்த முடியாது. உப்பிய பேட்டரி எல்லாம் வெடித்துவிடும் என்று உங்களைப் பயமுறுத்தவில்லை. என் கடைக்கு வந்த உப்பிய பேட்டரிகளில் மிகப் பெரும்பாலானவை ஒன்றும் செய்யாமல் வெளியே போயிருக்கின்றன. ஆனால் எது செய்யும், எது செய்யாது என்று பார்த்துச் சொல்ல எனக்கே தெரியாது.

சரி, இந்தச் சூடு எங்கிருந்து வந்தது? லேப்டாப்பில் சூடு கிளம்பும் இடம் இரண்டு. கீபோர்டின் மேல் பக்கம், திரையை ஒட்டிய மூலையில் சுட்டால், ஃபேனும் இரைந்தால், அது பிராசசர் சூடு. கனமான வேலை கொடுத்தால் உள்ளே 80, 90 டிகிரி வரைகூடப் போகும், அதற்குத்தான் ஃபேன். பர்கூர் பக்கம் கிரானைட் பட்டறை அலுவலகங்களிலிருந்து வரும் லேப்டாப்பைத் திறந்தால் ஃபேன் இறகெல்லாம் அரிசி மாவு பூசியது போல வெள்ளையாக இருக்கும். துடைத்து, பிராசசரின் மேல் புதுப் பசை வைத்தால் தீர்ந்தது. நீங்கள் சொல்வது மணிக்கட்டு வைக்கும் இடம், அதுவும் சார்ஜ் போடும்போது. அந்த இடத்துக்கு அடியில்தான் பேட்டரி படுத்திருக்கிறது. லேப்டாப்பை அணைத்து வைத்துச் சார்ஜ் போட்டாலும் அந்த இடம் சுடுகிறதென்றால் பேட்டரிதான் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். நீங்கள் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டாம், அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டீர்கள். இதே மாதிரி சுடுகிறது, ஆனால் உப்பல் இல்லை என்கிற மற்றவர்களுக்காகச் சொன்னேன்.

உங்கள் கணவர் சொல்லும் வோல்டேஜ் கதையை நான் வாரம் ஒருமுறை கேட்கிறேன். சார்ஜர் பெட்டியின் மேல் பொடி எழுத்தில் 100–240 வோல்ட் என்று போட்டிருக்கும், படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். 170 வந்தாலும் 230 வந்தாலும் அது உள்ளே மாற்றி, லேப்டாப்புக்கு வேண்டிய 19 வோல்ட்டோ 20 வோல்ட்டோ ஒரே சீராகக் கொடுத்துவிடும். குறைந்த வோல்டேஜ் மோட்டாரைக் கெடுக்கும், ஃபிரிட்ஜைக் கெடுக்கும். ஒழுங்கான லேப்டாப் சார்ஜரை வைத்து பேட்டரியைச் சுட வைக்காது. ஒழுங்கான என்று சொன்னேன், கவனியுங்கள். வாங்கும்போது வந்த சார்ஜர்தானா, நடுவில் மலிவாக ஒன்று மாற்றினீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. மாற்றியிருந்தால் அதையும் சர்வீஸுக்குப் போகும்போது கையோடு கொண்டு போங்கள்.

என் கணிப்பில் உங்கள் பேட்டரியைக் கெடுத்தவை மூன்று. நாலரை வருட வயது. காலை முதல் இரவு வரை செருகியே வைத்திருக்கும் சார்ஜர். மூன்றாவது, நீங்கள் எழுதாதது, நான் ஊகிப்பது: மெத்தை. வீட்டிலிருந்து வேலை பார்க்கும் பத்துப் பேரில் ஏழு பேர் கட்டிலில் உட்கார்ந்துதான் பார்க்கிறார்கள். அடிமூடியில் காற்று போகும் துளைகளைப் போர்வை அடைத்துவிடும். வீடு சிமெண்ட் ஷீட்டோ தகரமோ போட்டதென்றால் இன்னும் மோசம். லேப்டாப் தயாரிப்பாளர்கள் சுற்றுச்சூடு 35 டிகிரிக்குள் இருக்கட்டும் என்கிறார்கள். சித்திரை மாதம் நம் பக்கத்தில் வெளியிலேயே அதைத் தாண்டுகிறது, ஷீட்டுக்கு அடியில் கேட்கவே வேண்டாம். இந்தச் செல்களை 45 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும்போது சார்ஜ் செய்யவே கூடாது.

இனி செய்ய வேண்டியது. அணைத்த லேப்டாப்பைக் கட்டில், திரைச்சீலை, காகிதக் கட்டு எதுவும் பக்கத்தில் இல்லாத சிமெண்ட் தரையில், வெயில் படாத திண்ணையில் வையுங்கள். குழந்தைகள் கைக்கு எட்டக் கூடாது. மேலே எதையும் அடுக்க வேண்டாம். ஃபிரிட்ஜில் வைத்தால் ஆறிவிடும் என்று யாராவது சொல்வார்கள், உள்ளே வியர்த்து ஈரம் கோத்துக்கொள்ளும், கேட்காதீர்கள். ஊசியால் குத்திக் காற்றை விடுங்கள் என்று ஒரு வீடியோ சுற்றுகிறது. அதை எடுத்தவரைப் பார்த்தால் நாலு வார்த்தை கேட்க வேண்டும்.

உஸ்ஸென்று சத்தமோ, நகப்பூச்சு அழிக்கும் திரவம் போன்ற இனிப்பு வாடையோ, புகையோ வந்தால் அதைத் தூக்கிக் காப்பாற்றப் போகாதீர்கள். எல்லோரும் வெளியே வந்துவிடுங்கள். அந்தப் புகை நுரையீரலுக்கு ஆகாது. 101-க்கோ 112-க்கோ அழையுங்கள். மின் இணைப்பு இல்லாத லேப்டாப் திறந்த வெளியில் எரிகிறதென்றால் தூரத்தில் நின்று நிறையத் தண்ணீர் ஊற்றலாம். லித்தியம் பேட்டரியில் தண்ணீர் படக் கூடாது என்பது வேறு வகைப் பேட்டரிக்கான பேச்சு. இதற்குச் சூட்டை இறக்குவதுதான் முக்கியம், அதற்குத் தண்ணீரை விட்டால் வேறு இல்லை. தீ அணைந்த மாதிரி இருந்து மறுபடியும் பிடிக்கும். கிட்டே போக அவசரம் வேண்டாம்.

அடுத்த நாள் காலையிலேயே, வெயில் ஏறும் முன், சர்வீஸ் கடைக்கு எடுத்துப் போங்கள். தனிப் பையில், மேலே டிபன் பாக்ஸ் எதுவும் அமுக்காமல். ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் திணிக்க வேண்டாம். பஸ்ஸில் வந்தால் மடியில் வைத்துக்கொள்ளுங்கள், மேல் ரேக்கில் போட வேண்டாம். கூரியரிலோ பஸ் பார்சலிலோ அனுப்பவே கூடாது. கடையில் போனதும் முதல் வார்த்தையாக "பேட்டரி உப்பியிருக்குங்க" என்று சொல்லிவிடுங்கள்.

இப்போது உங்கள் மாதக் கடைசி. கடைக்காரரிடம், பேட்டரியைக் கழற்றி எடுத்துவிட்டு, சார்ஜரில் மட்டும் ஓடுகிறதா பார்த்துத் தாருங்கள் என்று கேளுங்கள். பத்து நிமிட வேலை. பெரும்பாலான லேப்டாப்புகள் பேட்டரியே இல்லாமல் நேராகச் சார்ஜரில் ஓடும். சில மாடல்கள் மட்டும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், மிகச் சில ஓடாது. கரண்ட் போனால் அந்த நொடியே அணைந்துவிடும். ஆகவே இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை சேவ் செய்ய வேண்டும், வீட்டில் இன்வெர்ட்டரோ யுபிஎஸ்ஸோ இருந்தால் அதில் செருகிக்கொள்ளலாம். கணக்குக் கோப்புகள் போய்விடுமோ என்ற கவலை வேண்டாம். அவை இருப்பது எஸ்எஸ்டியிலோ ஹார்டு டிஸ்க்கிலோ. பேட்டரியைக் கழற்றுவதால் ஒரு எழுத்துகூட அழியாது. அதனால் பேக்கப் எடுக்கிறேன் என்று இன்னொருமுறை ஆன் செய்துவிடாதீர்கள்.

தம்பி விஷயத்துக்கு வருகிறேன். உப்பாத பேட்டரி என்றால் தாராளமாக மாற்றட்டும், நானே கற்றுத் தருவேன். உப்பியதை அவன் தொட வேண்டாம். இதை அறிவுரையாகச் சொல்லவில்லை, பட்டதைச் சொல்கிறேன். 2015-இல் ஒரு மெல்லிய லேப்டாப் வந்தது. பேட்டரி அடியில் பசை போட்டு ஒட்டியிருந்தது, ஒரு பக்கம் லேசாக உப்பல். வாடிக்கையாளர் ஸ்டூலில் உட்கார்ந்து மணியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், பெங்களூரு பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். பசை விடவில்லை. பிளாஸ்டிக் பட்டை எங்கேயோ கிடக்கிறது, கை பக்கத்தில் தட்டை ஸ்க்ரூடிரைவர். அதை அடியில் கொடுத்து ஒரு நெம்பு நெம்பினேன். குக்கர் விசில் அடிப்பதற்கு முன்னால் ஒரு சீறல் வருமே, அதே சத்தம். அந்த இனிப்பு வாடை. அடுத்து வெள்ளைப் புகை, அடுத்து தீ. குப்பை அள்ளும் தகர முறத்தில் லேப்டாப்போடு சேர்த்துத் தள்ளித் தெருவில் போட்டேன். எரிந்து அடங்கியது. அப்பாடா என்று டீ சொல்லிக் குடித்துக்கொண்டிருக்கும்போது பக்கத்துச் செல் மறுபடி பிடித்தது. லேப்டாப்புக்கு நான்தான் பணம் கொடுத்தேன். கடை மேற்கூரையில் அந்தக் கறை, இரண்டு முறை வெள்ளை அடித்தும் மங்கலாக இன்னும் தெரிகிறது. அன்றைக்கு எனக்கு எட்டு வருட அனுபவம் என்று தம்பியிடம் சொல்லுங்கள்.

1,200-ஆ 3,900-ஆ? விலையை மட்டும் வைத்து நான் சொல்ல மாட்டேன், ஆனால் 1,200-ஐப் பார்த்தால் எனக்குக் கை வராது. கழற்றிய பழைய பேட்டரியின் மேல் ஒரு லேபிள் இருக்கும். அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். லேப்டாப்பின் மாடல் பெயர் போதாது, ஒரே மாடலில் இரண்டு மூன்று வகை பேட்டரி வரும். லேபிளில் உள்ள பார்ட் நம்பர்தான் கணக்கு. அப்புறம் வோல்ட். பழையது 11.4 என்றால் புதியதும் 11.4 ஆக இருக்கட்டும். 10.8-க்கும் 11.1-க்கும் ஒரு விலக்கு உண்டு, இரண்டும் மூன்று செல்தான், எழுதும் முறைதான் வேறு. 7.6 போட்ட இடத்தில் 11.4 போகவே போகாது.

வாட் அவர் என்று ஓர் எண் இருக்கும், பேட்டரி எவ்வளவு மின்சாரம் தேக்கும் என்பதற்கான கணக்கு. வோல்ட்டையும் ஆம்பியர் அவரையும் பெருக்கினால் அது வர வேண்டும். 11.4 வோல்ட், 3.6 ஆம்பியர் அவர் என்றால் சுமார் 41. பெருக்கிப் பார்த்து வராவிட்டால் லேபிள் அச்சடித்தவருக்கே அதில் என்ன இருக்கிறது என்று தெரியாது. அதே அளவுப் பெட்டியில் இரண்டு மடங்கு கெபாசிட்டி என்று போட்டிருந்தால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள். இந்தியத் தர நிர்ணய அமைவனமான பிஐஎஸ்ஸின் பதிவு எண்ணும் இருக்க வேண்டும்: ஐஎஸ் 16046 என்ற தர எண், கூடவே ஆங்கில ஆர் எழுத்தில் தொடங்கும் ஒரு நம்பர். அந்த ஆர் நம்பரை பிஐஎஸ்ஸின் மொபைல் செயலியில் போட்டு யாருடைய பெயரில் இருக்கிறது என்று நீங்களே பார்க்கலாம். தயாரித்த மாதத்தைப் பாருங்கள். இரண்டு வருடம் அலமாரியில் கிடந்த ஒரிஜினலும் கிழடுதான். பில்லில் பார்ட் நம்பரும் உத்தரவாதக் காலமும் எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் அதுவே பதில்.

முடிந்தால் உங்கள் லேப்டாப் நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரிலேயே சீரியல் நம்பர் சொல்லிக் கேளுங்கள். ஓசூருக்கோ சேலத்துக்கோ ஒரு நடை ஆகும். நாலரை வருட லேப்டாப்புக்குப் பெரும்பாலும் பேட்டரி இன்னும் கிடைக்கும். பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் பாதி விலைக்குக் கிடைக்கிறது என்று யாராவது சொல்வார்கள். கிடைக்கும்தான். நானும் அங்கே வாங்குகிறவன்தான். ஆனால் எந்தக் கடையில் எதை வாங்கக் கூடாது என்று கற்றுக்கொள்ள எனக்குச் சில வருடம் ஆனது. பழைய பேட்டரியைப் பிரித்து உள்ளே வேறு செல் வைத்துத் தருகிறேன் என்பவர்களிடம் போக வேண்டாம். எந்த ஸ்கூட்டரிலிருந்து உருவிய செல்லோ, யாருக்குத் தெரியும்.

தம்பி கைவசம் கற்றுக்கொள்ளட்டும் என்பதற்காக, உப்பாத பேட்டரியை மாற்றும் முறையையும் எழுதிவிடுகிறேன். சார்ஜ் 25 சதவீதத்துக்குக் கீழே இறங்கும் வரை ஓட்டிவிட்டு அணைக்க வேண்டும். குறைவாக இருந்தால் கை தவறினாலும் சேதம் குறைவு. சார்ஜரைப் பிடுங்கி, சுத்தமான மேஜையில் ஒரு துணி விரித்துக் கவிழ்த்து வைக்க வேண்டும். அடிமூடி திருகுகள் பார்க்க ஒன்று போல இருக்கும், நீளம் வேறு வேறாக இருக்கும். நீளத் திருகைக் குட்டித் துளையில் முறுக்கினால் அடியில் இருக்கும் போர்டைக் குத்திவிடும். நான் வேலை கற்ற நாளிலிருந்து இதற்கு இட்லித் தட்டுதான். லேப்டாப்பின் எந்த மூலைத் திருகோ, தட்டின் அதே பக்கக் குழியில். வீட்டில் இல்லாத தட்டா?

மூடியைக் கிளப்ப பழைய ஏடிஎம் கார்டு போதும். திறந்ததும் வேறு எதையும் தொடும் முன் பேட்டரி கனெக்டரைக் கழற்ற வேண்டும். ஒயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. சில மாடல்களில் ஒரு குட்டிக் கம்பிக் கொக்கி பூட்டு இருக்கும், அதை விலக்கி, கனெக்டரின் இரண்டு காதையும் நகத்தால் மெல்ல மெல்லத் தள்ளினால் வரும். வந்த பிறகு பவர் பட்டனை 10, 15 விநாடி அமுக்கிப் பிடித்தால் போர்டில் மிச்சமிருக்கும் கரண்ட் இறங்கும். அப்புறம்தான் பேட்டரித் திருகுகள். பேட்டரி பக்கத்தில் இரும்புக் கருவி போகவே கூடாது. பசை போட்டு ஒட்டிய பேட்டரி என்றால் மூடியை மறுபடி மாட்டிக் கடைக்குக் கொண்டு வந்துவிடட்டும், அதில் ரோஷம் பார்க்க வேண்டாம். புதியதைப் பொருத்தும்போது ஸ்பீக்கர் ஒயர் அடியில் நசுங்காமல் பார்க்க வேண்டும். மூடி சுலபமாக உட்காராவிட்டால் எங்கோ தப்பு. அமுக்கி மூடுவது வேலையல்ல, திறந்து பார்ப்பதுதான் வேலை.

புதிய பேட்டரி, யார் மாட்டினாலும், முதல் சார்ஜ் நீங்கள் விழித்திருக்கும்போது, கண்பார்வையில் நடக்கட்டும். வெதுவெதுப்பு சகஜம். கை வைத்து எடுக்க வேண்டிய அளவு சுட்டால் நிறுத்திவிட்டுப் பில்லோடு போங்கள். விண்டோஸாக இருந்தால் கமாண்ட் பிராம்ப்ட்டில், பவர் என்ற ஆங்கிலச் சொல்லோடு சி, எஃப், ஜி மூன்றையும் ஒட்டி எழுதி, ஓர் இடைவெளி விட்டு, முன்பக்கம் சாய்ந்த கோடு போட்டு, பேட்டரி ரிப்போர்ட் என்பதை ஒரே சொல்லாக அடித்தால் ஒரு கோப்பு உருவாகும். அதில் டிசைன் கெபாசிட்டி என்பது பிறந்தபோது இருந்த எடை, ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி என்பது இன்றைய எடை. புதியதில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். போலிகளில் இந்த எண்ணையும் ஏமாற்றி எழுதி வைப்பார்கள், அதனால் ஒரு நாள் சார்ஜர் இல்லாமல் வேலை பார்த்து எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கடிகாரத்தையும் பாருங்கள்.

நாள் முழுக்கச் செருகியே வைத்து வேலை பார்ப்பவர் நீங்கள். அதனால் 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதியை ஆன் செய்து தரச் சொல்லுங்கள். இப்போது வரும் பெரும்பாலான லேப்டாப்புகளில் உண்டு, நிறுவனத்துக்கு நிறுவனம் பெயர்தான் மாறும். மெத்தை வேண்டாம், ஒரு பலகை போதும். உங்கள் ஊர்க்காரர்களிடம் இருக்கும் பழைய தக்காளிப் பெட்டியின் சட்டம் ஒன்றைச் சீவி அடியில் கொடுத்தால் காற்று நன்றாகப் போகும். கடையில் விற்கும் ஃபேன் வைத்த ஸ்டாண்டை விட இதுதான் எனக்குப் பிடிக்கும், தூசியை உறிஞ்சாது.

கழற்றிய பேட்டரியை வீட்டுக்குக் கேட்டு வாங்கி வர வேண்டாம், கடையிலேயே விட்டுவிடுங்கள். 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, தயாரிப்பவர்களும் இறக்குமதி செய்பவர்களும்தான் பழையதைத் திரும்பச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பப் பொறுப்பு. லேபிளில் குப்பைத்தொட்டியின் மேல் குறுக்குக் கோடு போட்ட படம் இருப்பதும் அதற்குத்தான்: குப்பையில் போடாதே. பேரூராட்சிக் குப்பை வண்டியில் போட்டால் வண்டிக்குள்ளேயே நசுங்கும். பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுப்பவரிடம் போட்டால் அவர் சுத்தியலால் உடைப்பார். வீட்டுக் கொல்லையில் சருகோடு கொளுத்துவது பற்றி நான் சொல்லவே வேண்டாம். நாங்கள் கனெக்டரின் மேல் டேப் ஒட்டி, மணல் போட்ட தகர டின்னில், மூடியை இறுக்காமல் வெளியில் வைத்திருப்போம். சேர்ந்ததும் மின்கழிவு எடுப்பவர்களுக்குப் போகும். உப்புத் தண்ணீரில் ஊறப் போட்டால் சார்ஜ் இறங்கிவிடும் என்பார்கள். கனெக்டர் அரித்துத் தண்ணீர்தான் விஷமாகும்.

கடைசியாக அந்த அரசு லேப்டாப். விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011-இல் தொடங்கியது, அந்தக் காலத்து லேப்டாப்புகள் இன்னும் எங்கள் கடைக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன, உழைக்கிற மாடுகள். அதன் பேட்டரி உங்கள் புதிய லேப்டாப்புக்கு எந்த வகையிலும் சேராது, உருவமே வேறு. பிழைக்கிறதா பார்க்கலாம் என்று சார்ஜும் போட வேண்டாம். வருடக்கணக்கில் காலியாகக் கிடந்த லித்தியம் செல்லின் உள்ளே செம்பு கரைந்து, சார்ஜ் ஏற்றும்போது ஷார்ட் ஆகக்கூடும். ஆனால் அது பரணில் இருக்கக் கூடாது. வீட்டிலேயே அதிகம் சுடும் இடம் கூரைக்கு அடியில் அந்தப் பரண்தான். இன்றைக்கே இறக்கச் சொல்லுங்கள். அடியில் இரண்டு நழுவும் பூட்டுகள் இருக்கும். ஒன்றைத் தள்ளி, மற்றதைப் பிடித்துக்கொண்டு இழுத்தால் பேட்டரி தனியாக வந்துவிடும், ஒரு திருகும் கழற்ற வேண்டாம். உப்பல், கசிவு எதுவும் இல்லை என்றால் அந்த வேலை தம்பிக்கு. அந்தப் பேட்டரியையும் டேப் ஒட்டித் தனி உறையில் போட்டு, சர்வீஸ் கடைக்குப் போகும்போது கொண்டு போய்க் கொடுத்துவிடுங்கள். பேட்டரி இல்லாத அந்த லேப்டாப்பை வேண்டுமானால் அவனே வைத்துக்கொள்ளட்டும், இட்லித் தட்டோடு உட்கார்ந்து கழற்றி மாட்டிப் பழக.